பேரரிவாளுக்கு இரண்டு கை

விதி எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஞாயிறு மதியங்களில் எங்கள் பெரியபட்டினம் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து, பகடை உருட்டி ஒரு கதை விளையாட்டு ஆடுவோம். ஊர், பூதம், ஆயுதம் எல்லாவற்றையும் நான் சொல்வேன். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகி அதற்குள் நடப்பார்கள். என் நோட்டில் இருப்பதுதான் சட்டம்.

அன்று வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கரைவலை இழுக்கிற என் அண்ணன் பர்வேஸ் காக்கா. இன்னொருத்தி என் கல்லூரித் தோழி, முதுகுளத்தூர் சத்யப்பிரியா. எட்டு மாதம் முன்னால் என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஆடு குறுக்கே ஓடியது, விழுந்தோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு இடது கையை எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. பேசினால் அவளை இழந்துவிடுவேன் என்று பயம்.

கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். கடலுக்கடியில் ஓர் ஊர். தெருவெல்லாம் பச்சை வெளிச்சம். வாசல்களில் மீன்கள் நின்று எட்டிப் பார்க்கின்றன. கோட்டை மணி ஆடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. நாற்சந்தி மணலில், பூதம் போட்டுவிட்டுப் போன பனைமர நீள அரிவாள் கிடக்கிறது. கொஞ்ச நேரம் மாடி எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை.

"நான் அதை எடுக்குறேன்," என்றாள் சத்யா. அவளுடைய வீராங்கனைக்கும் ஒரே கைதான், அப்படித்தான் உருவாக்கியிருந்தாள்.

என் வாய் முந்திக்கொண்டது. "முடியாதுடி. பெரிய ஆயுதத்துக்கு ரெண்டு கை வேணும். ரூல்."

"மணி சத்தமில்லாம அடிக்குது, மீனு வாசல்ல நிக்குது. இங்கனயுமா எனக்கு ரெண்டு கை கேக்குற?" பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்."

அல்லாவே, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இரு தங்கச்சி," என்றார் காக்கா. "கரைவலைய எவனாச்சும் ஒத்தையில இழுப்பானா? நாப்பது கை சேந்தாத்தான் கரைக்கு வரும். ஏ அம்ரீனு, ஒரே ஆளோட ரெண்டு கைன்னா எழுதிருக்க?"

நோட்டைப் புரட்டினேன். அப்படி எழுதவில்லை.

"அப்ப நீங்க ஒரு கை பிடிங்க காக்கா," என்றேன்.

"என் ஆளத்தான் போன வாரமே உன் பூதம் முழுங்கிருச்சே. ஆவிக்கு ஏது கை?"

மிச்சம் நான்தான். கதை சொல்கிறவள் கதைக்குள் இறங்கக் கூடாது. அதுவும் நான் எழுதிய விதி. நோட்டை மூடினேன். "நான் வாரேன்டி. இடது பக்கம் நான் பிடிச்சுக்கிறேன்."

சத்யா பையை இறக்கவில்லை. "அன்னைக்கு ஹேண்டில விட்டுட்ட. இதையும் விட்டுட்டா?"

எட்டு மாதமாக நான் பயந்த கேள்வி. மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். "ஆமாடி, பயத்துல விட்டுட்டேன். என்னைய மன்னிச்சிரு. இதை விடமாட்டேன்."

பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் மறுபடி எங்களைச் சூழ்ந்தது. பிடியில் அவள் வலது கை, என் இடது கை. அரிவாள் மெல்ல எழும்ப, மணல் கலங்கியது. தெருமுனையில் பூதம் திரும்பிப் பார்த்தது.

"இனி உன்னால கேடயம் பிடிக்க ஏலாது. அடி விழும்," என்றேன். "விழுற அடியெல்லாம் எனக்கு."

"அன்னைக்கு எல்லாம் எனக்கே விழுந்துச்சு," என்றாள் சத்யா. "இந்தத் தடவ பாதிப் பாதி."

பகடையை உருட்டினாள்.