தேயிலைப் பெட்டிக் கெட்டிமேளம்

முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். மேளக்காரர்கள் கிள்ளானில் இருந்தார்கள்; நடுவில் தண்டவாளம் வெள்ளத்துக்குள் கிடந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால், பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை கார்த்திகேசு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"கெட்டிமேளம் கொட்டாம தாலி கட்டுறதா? அந்த நேரத்துல எவனாவது தும்மித் தொலைச்சா? நாளைக்கு மார்கழி பொறந்துடும். தை மாசம் பாத்துக்கலாம்," என்றாள் பெண்ணின் அத்தை பவுனம்மாள்.

ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன கல்யாணம். இன்னொரு முறை தள்ளினால் அத்தை ஜாதகத்தைக் குறை சொல்லி, மணப்பெண் வீரம்மாவைப் பந்திங் தோட்டத்தில் ஒரு கங்காணி மகனுக்குக் கட்டிவைத்துவிடுவாள். அவளுக்கு அந்த ஆசை உண்டென்பது லயத்து நாய்க்குக்கூடத் தெரியும்.

"மேளம்தானே வேணும், அத்தை? இருங்க!"

கார்த்திகேசு ரயில்பெட்டிப் பட்டறையில் தச்சன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சமையல்காரரிடம் ஒரு காலித் தேயிலைப் பெட்டியைப் பிடுங்கி வந்தான். உள்ளே ஒட்டியிருந்த ஈயத் தாளை உரித்தான். ஒரு பக்கத்தைப் பெயர்த்து, வீட்டில் கிடந்த மெல்லிய பலகையை வைத்து, நாலாபுறமும் ஆணி அறைந்தான். பின்பக்கம் சத்தம் வெளியேற உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டை. உட்கார்ந்து தட்டினான். மாவு மூட்டையைத் தட்டியதுபோல் தொப்பென்றது. சமையற்கட்டில் சிரித்தார்கள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மேல இருக்கிற ஆணியத் தளர்த்துங்க. இப்படி இறுக்கிப் புடிச்சா அது எப்படிப் பேசும்?"

ஜன்னலில், தலை நிறையப் பூவோடு வீரம்மா நின்றாள். அடுப்படியில் தகர டின்னைத் தட்டித் தட்டியே பாடுகிறவள் அவள்.

இரண்டு ஆணிகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி தட்டினான். பலகையின் மூலை படபடத்தது. லயமே திரும்பிப் பார்த்தது. வேலாயுதம் மாமா ஒரு காலைத் தூக்கி ஆடவே ஆரம்பித்துவிட்டார்.

மணையில் உட்கார்ந்த பிறகுதான் கார்த்திகேசுக்கு உறைத்தது. மாப்பிள்ளைக்கு இருப்பதே இரண்டு கை. தாலி கட்டுவதா, மேளம் கொட்டுவதா? மாமாவிடம் கொடுத்தால், அவர் கடன் கேட்க வந்தவர்போல மெதுவாகத் தட்டினார். அத்தையின் முகம் மலர்ந்தது.

வீரம்மா குனிந்த தலை நிமிராமல் கையை நீட்டி, பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ம், கட்டுங்க."

பத்து விரலும் பலகையில் இறங்கின. கூரைத் தகரமும் சேர்ந்து அதிர்ந்தது. முதல் முடிச்சு, இரண்டாவது முடிச்சு. மூன்றாவதைப் போடும்போது கார்த்திகேசு வாய்விட்டுச் சிரித்தான். பவுனம்மாள் எழுந்து நின்று ஏதோ கத்தினாள். என்னவென்று ஒருவருக்கும் கேட்கவில்லை.