ஒன்பதாவது பெயர்

வானொலியில் இருபத்தாறு ஆண்டுகள் செய்தி வாசித்தவளுக்கு ஓய்வுபெற்ற பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை. இறையியல் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்குப் பார்வை கிடையாது. அவருக்குத் தேவையான புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்துகொடுக்கிறாள். எதிரொலி வராமலிருக்க, துணி அலமாரியைத் திறந்துவைத்து, தொங்கும் துணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து வாசிப்பாள். நாக்குத் தடுக்கினால் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து எடுப்பாள், தடுக்கியதை வெட்டிவிடுவாள்.

ஆசிரியர் அவசரக்காரர். எதையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பார். அந்த வேகத்தில் அக்கா குரல் குழாயடிச் சண்டை மாதிரி இருக்கிறது என்று அவளிடமே சொல்லிச் சிரிப்பார்.

இந்த முறை வந்த புத்தகம், கடவுள் எப்படிப்பட்டவர் என்று கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் காலங்காலமாக யோசித்ததைப் பற்றியது. முதல் அத்தியாயத்தின் கடவுள் காலத்துக்கு வெளியே இருப்பவர், மாறாதவர், எந்தத் துயரமும் அவரைத் தொடாது. இரண்டாம் அத்தியாயத்தில் வருபவர் மனிதரோடு உறவாடுகிறவர். மன்றாடினால் மனம் இளகுவார், நாளை நடக்கப்போவது அவருக்குமே முடிந்துபோன விஷயம் அல்ல. மூன்றாமவருக்குள் இந்த உலகமே அடங்கியிருக்கிறது. இங்கே யாருக்கு வலித்தாலும் அவருக்கும் வலிக்கும்.

முதலாமவரைப் பற்றி வாசிக்கையில் அவளுக்கு நெருங்கிய சொந்தத்தைப் பார்த்ததுபோல் இருந்தது. ‘அவர் எதனாலும் வருந்துவதில்லை; அதனாலேயே எல்லோரையும் தாங்குகிறார்’ என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் நின்றது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மதியச் செய்தி. ஆலையில் கொதிகலன் வெடித்ததை அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, இறந்தவர்களின் பட்டியலைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். பதினாறு பேர். முன்கூட்டி ஒரு கண் ஓட்டக்கூட நேரமில்லை. ஒன்பதாவது பெயர், அங்கே வேலை பார்த்த அவள் கணவருடையது. வாசித்தாள். பத்தாவதை வாசித்தாள். பதினாறையும் முடித்து, வானிலையும் சொன்னாள். ஒலிபரப்பு முடிந்து சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

வீட்டில் வானொலிப் பெட்டிக்கு முன்னால் பத்தொன்பது வயது மகள் உட்கார்ந்திருந்தாள்.

“ஒன்பதாவது பேர்ல ஒரு நொடிகூட நிக்கலியேம்மா” என்று அடக்கம் முடிந்த அன்று மகள் கேட்டாள். நின்றிருந்தால் மிச்சம் ஏழு வீடுகளுக்குச் செய்தி போயிருக்காதே என்று இவள் சொன்னாள். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதையும் செய்திக் குரலில் சொல்லித் தொலைத்தாள். அத்தோடு மகள் பேச்சை நிறுத்தினாள். கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு இவள் ஃபோன் செய்வாள், மருமகன் எடுப்பார். மகள் குளித்துக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் அப்போதுதான் தூங்கியிருப்பாள். என் பெண்ணைப்போல் சுத்தமானவள் உலகத்திலேயே கிடையாது என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்துவிட்டு வருவாள். கதவைச் சாத்தியதும் சிரிப்பு நின்றுவிடும்.

அந்தப் பக்கத்தில் குரல் நின்ற இடங்களை வெட்டாமலே அனுப்பியிருக்கிறாள் என்பது சனிக்கிழமை கல்லூரிக்குப் போனபோதுதான் தெரிந்தது.

“நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல வேகத்தைக் குறைச்சுட்டேன்க்கா” என்றார் ஆசிரியர். “நல்லா இருக்கீங்களா?”

இத்தனை காலம் யாரிடமும் வாய் திறக்காததை, அவர் மேசையில் விரலால் கோடு கிழித்தபடி சொன்னாள். முடித்ததும் கேட்டாள்.

“எதுக்கும் அசையாத கடவுள்னா, உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தமா சார்?”

“இல்லக்கா. மரத்துப்போனவர்னு அவங்க சொல்லல. அந்த அன்பு யாராலயும் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாதுன்னுதான் சொல்றாங்க.”

“சரி. அது பிள்ளைக்கு எப்படித் தெரியும்?”

“அந்தக் கேள்வியிலதான் ரெண்டாவது அத்தியாயமே ஆரம்பிக்குது. நான் வருஷா வருஷம் பாடம் நடத்துறேன். யாரும் இவ்வளவு சுருக்கமா கேட்டதில்ல” என்றார் ஆசிரியர். பக்கத்தைத் திரும்ப வாசித்துத் தரட்டுமா என்றாள். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு ஃபோன் செய்தாள். மருமகன் எடுத்தார். மகள் வெளியே போயிருப்பதாகச் சொன்னார். நான் கூப்பிட்டேன் என்று சொல்லுங்கள் என்பதுதான் அவள் வழக்கமாகச் சொல்வது. வாயெடுத்தாள், வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு குரலை நேராக்கும் வித்தை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. செய்யவில்லை. கோணலாக ஏதோ ஒரு சத்தம் கிளம்பியது. அதை வரவிட்டாள்.

“அத்தை? என்னாச்சு அத்தை?”

அவருக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. “யாருங்க அது, அழுறது?”

“உங்கம்மா.”

“அம்மா அழ மாட்டாங்களே.”

ஃபோன் கைமாறுகிற உரசல் கேட்டது. பிறகு மகளின் மூச்சு. இவளை அழுகை அதன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள், வைத்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு மூச்சுக்கும் பயந்தாள். மகள் வைக்கவில்லை.