காலி செய்த வீட்டின் தண்ணீர்

நெய்வேலி நகரியத்தில் ஒரு குடும்பம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போனால், அந்த வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் சில நாட்களுக்குப் புளிக்கும். மேல்நிலைத் தொட்டியில் நன்றாக இருக்கும், பக்கத்து வீட்டில் நன்றாக இருக்கும், காலியான வீட்டில் மட்டும் புளிக்கும். ஒண்டிக்கட்டையாக இருந்து மாற்றலாகிப் போனவர்கள் வீட்டில் ஒரு காலைப்பொழுதோடு சரியாகிவிடும். பிள்ளை பெற்று, முருங்கை நட்டு, ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்தே தலை நரைத்தவர்கள் வீட்டில் வாரக்கணக்கில் நீளும். சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியண்ணன் என்பவர் முப்பத்தெட்டு வருடம் இருந்த வீடு இருபத்திரண்டு நாள் புளித்தது. இதுவரை அதுதான் அதிகம். புதிதாகக் குடிவரும் பெண்கள் அந்த நாட்களில் ரசத்துக்குப் புளி கரைப்பதில்லை.

இதையெல்லாம் அளந்து எழுதி வைத்தவர் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த நெடுமாறன். புகார் வந்ததும் புளிப்பை அளக்கும் பிஹெச் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். சிவப்புக் கரைசலில் நான்கு, மஞ்சள் கரைசலில் ஏழு என்று முதலில் மீட்டருக்கு நினைவூட்டுவார். பிறகு எலக்ட்ரோடைக் குழாய்த் தண்ணீரில் இறக்கி, எண் ஒரு இடத்தில் நிற்கும்வரை காத்திருப்பார். அதன் நுனியில் சோப்பு நுரை போல மெல்லிய கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் அடைத்து வைத்த கரைசல் ஒன்று உண்டு, அது மாறுவதே இல்லை. வெளியே இருக்கும் தண்ணீர் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு மின்னழுத்தம் கண்ணாடியின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே பிறக்கும். மீட்டர் அதை எண்ணாக்கிச் சொல்லும். ஏழு என்றால் புளிப்புமில்லை, காரமுமில்லை; அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு. வேலை முடிந்ததும் குமிழைத் துடைக்காமல் காகிதத்தால் ஒற்றி, உப்புக் கரைசலில் நனைய வைப்பார். உப்பில்லாத வெறும் தண்ணீரில் விட்டால் கண்ணாடி எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பார். அவர் மனைவி தனம் இதைச் சாப்பாட்டு நேரத்தில் முப்பத்தொரு வருடம் கேட்டிருக்கிறாள்.

அவர் ஓய்வு பெறும் வருடமும் வந்தது. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் தனத்தின் அப்பா கொடுத்த மனையில் வீடு கட்டி முடித்திருந்தார்கள். சாமான் கட்டிய அந்த மாதம் முழுக்க நெடுமாறன் சுவர்களைப் பார்த்துக்கொண்டே திரிந்தார். மகள் வெண்மதியின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் சமையலறைக் கதவில் பதினோராம் வகுப்புவரை இருந்தன. வெளியில் யாரிடமும் சொல்லவில்லை என்றாலும், தன் வீடு பெரியண்ணன் வீட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதைவிடப் பெரிதாக ஒரு பயம்: ஒரு நாள்கூடப் புளிக்காமல் போய்விட்டால்?

“எத்தன நாளு காட்டும்னு பாத்துக்கினே நில்லுங்க, லாரிக்காரன் வுட்டுட்டுப் போய்டுவான்” என்றாள் தனம். பிரிவுபசாரத்தில் அந்தப் பழைய மீட்டரையே அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் முன்சீட்டில் போனார்.

அவர்கள் விட்டுப் போன குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வந்தவள் சத்யா. வேலை பெர்மனன்ட் ஆகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவளிடமிருந்து புகாரே வரவில்லை. பன்னிரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் நெடுமாறன் பஸ் ஏறிப் போய், சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து எலக்ட்ரோடை இறக்கினார். ஏழு புள்ளி நான்கு. சிவப்பிலும் மஞ்சளிலும் மறுபடி சரிபார்த்து இறக்கினார். அதே ஏழு புள்ளி நான்கு.

சத்யா டீயை நீட்டிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னாள்: “எல்லா வீட்லயும் ஒரு வாரமாவது புளிக்கும்னாங்க சார். எங்களுக்கு ஒரு நாள்கூட இல்ல. ராசியான வீடு.”

ஆமாம்மா என்றார். சமையலறைக் கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். திரும்பும் பஸ்ஸில் பண்ருட்டி வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பியிருந்தார். கண்டக்டர் இரண்டு முறை டிக்கெட் கேட்க வேண்டியிருந்தது.

வீட்டில் தனம் சோறு போட்டாள். இத்தனை நாள் நினைப்பெல்லாம் பழைய வீட்டுக் குழாயிலேயே இருந்தவருக்கு அன்றுதான் ருசி உறைத்தது; ரசம் ஊற்றியதும் ஒரு வாய் குடித்துவிட்டு, புளி தூக்கலாக இருக்கிறது என்றார்.

“இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்து புளியே வாங்கலைங்க.”

அவர் இலையை விட்டு எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் மீட்டரை எடுத்தார். யாரும் வாழ்ந்திராத புது வீட்டின் குழாயில் எண் இறங்கிக்கொண்டே போய் நான்கு புள்ளி ஒன்றில் நின்றது.

“காலி பண்ற அன்னிக்கி அங்க ஒரு கேன் தண்ணி புடிச்சாந்து இங்க தொட்டியில ஊத்தனன்” என்றாள் தனம். “வெறுந்தண்ணியில வச்சா மறந்துடும்னு நீங்கதான வருஷமெல்லாம் சொல்லிக்கினு இருந்தீங்க. சொன்னா அங்க போயி எல்லார்கிட்டயும் பீத்திக்குவீங்க, அதான் சொல்லல.”

நெடுமாறன் குமிழை ஒற்றி, உப்புக் கரைசலில் வைத்து மூடிவிட்டு, உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

இருபத்திரண்டாம் நாள் போயிற்று. அந்த வருடம் போயிற்று. தொட்டியை இரண்டு முறை கழுவினார்கள், மோட்டாரை மாற்றினார்கள். எண் நான்கு புள்ளி ஒன்றிலேயே நிற்கிறது. இப்போது அவர் மீட்டரை வெளியே எடுப்பதுகூட இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அந்தத் தெருப் பெண்கள் பித்தளைக் குடங்களையும் விளக்குகளையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக் குழாயடிக்கு வருகிறார்கள். அந்தத் தண்ணீரில் துலக்கினால் புளி வேண்டாம், நன்றாகப் பளபளக்கிறது.