திருப்பி அனுப்பும் அதிகாரம்

ரோமில் அரசியல் சாசனம் கற்பிக்கும் எர்மேத்தே, வீட்டிலும் தன்னைக் குடியரசுத் தலைவராகவே நினைத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் விடுமுறை முழுக்கக் கடற்கரை ஊரான ரிமினியில், தன் அம்மா வீட்டில்தான் என்று மனைவி ஒர்னெல்லா சாப்பாட்டு மேஜையில் அறிவித்தாள்.

"மசோதாவைத் திருப்பி அனுப்புறேன். காரணம், உங்கம்மா குறட்டை," என்றார் அவர் கெத்தாக.

மகள் பாஸ்தா சுற்றிய முள்கரண்டியோடு கையைத் தூக்கினாள். "நானும் அம்மா பக்கம். மறுபடி நிறைவேறிடுச்சு. இப்ப தலைவர் என்னப்பா பண்ணணும்?"

வருடாவருடம் வகுப்பில் அவரே தொண்டை கிழியக் கத்துகிற விதி அது.

"கையெழுத்துப் போட்டே ஆகணும்."

"அப்ப போய் நீச்சல் டவுசரைத் தேடுங்க," என்றாள் ஒர்னெல்லா.

அலமாரிக்குள் தலையை விட்டபடி அவர் முனகினார். "இத்தாலி நாட்டுத் தலைவருக்காவது ஏழு வருஷத்துல பதவி முடிஞ்சிடும்."