நாலாவது கதிரை

இருபத்தெட்டு வருடம் லண்டன் ரயில்களில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். டிக்கெட் இல்லாதவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான். சுரங்கத்துக்குள் ஒன்றும் தெரியாத ஜன்னலை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் காரில் என் மகள் கம்சிகா அப்படித்தான் இருந்தாள். கார் ஓட்டுகிறவள் ரோட்டைத்தானே பார்க்க வேண்டும் என்பீர்கள். சிவப்பு விளக்கில் நின்றபோதும் ரோட்டைத்தான் பார்த்தாள்.

சந்தேகம் புதன்கிழமையே தொடங்கிவிட்டது. கேட்காமலே என் நீலச் சட்டையை அயர்ன் பண்ணி வைத்தாள். வியாழக்கிழமை சின்னக் கத்தரிக்கோலோடு வந்து என் காதுமுடியை வெட்டினாள். முப்பத்தொரு வயது வரைக்கும் என் காதை அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழமை வெளியில சாப்பிடுவம் அப்பா. மலேசியச் சாப்பாடு. எனக்குத் தெரிஞ்ச ஒராளும் வருவா."

வருவா என்றால் பெண். பெண் என்றால் இவளைக் கட்டப்போகிற பெடியனின் தாய். தாய் முதலில் வந்து என்னை எடை போடுவார், நடுவில் பெடியன் தற்செயலாக வந்தவன்போல வந்து உட்காருவான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? எங்கள் ஆட்கள் இப்போது பெண் பார்க்க வீட்டுக்கு வருவதில்லை. ஆர்ச்வே முருகன் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்திப்பார்கள். சரிவராவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் மானம் மிஞ்சும். கோயிலை விட்டுவிட்டு இவள் ஃபுட் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிறாள் என்றால், கோயிலுக்கு வர முடியாத பெடியனாக இருக்க வேண்டும்.

மனைவி இறந்து நாலு வருடம். ரெய்னர்ஸ் லேன் வீட்டில் நானும் கம்சிகாவும்தான். அவள் கட்டிக்கொண்டு போனால் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிற சத்தம் இருக்காது. அந்தச் சத்தம் இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்குப் பயம். அதனால் வருகிறவன் யாராக இருந்தாலும் ஒரு குறை கண்டுபிடித்துக் காரியத்தைக் குழப்புவது என்று முடிவெடுத்துத்தான் காரில் ஏறினேன்.

கிங்ஸ்பரி தாண்டிப் பத்து நிமிடத்தில் அந்த இடம். ஒரு பெரிய கூடத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், நடுவில் பொது மேசைகள். மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒரே பலகையின் கீழ் அடுப்பு மூட்டியிருந்தன. தேங்காய்ப்பாலும் சுட்ட இறைச்சியும் சேர்ந்த வாசனை. அங்கே நாலு கதிரை போட்ட மேசையில் ஒரு பெண்மணி காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாம்பழ நிறச் சேலை.

"வாங்கோ, இருங்கோ," என்றார்.

"இவ அஞ்சலீனா அன்ரி, எங்கட பாமசியில வேலை செய்யிறா," என்றாள் கம்சிகா.

அஞ்சலீனா. சரிதான், வேதக்காரர், கிறிஸ்தவச் சனம். கோயில் ஏன் சரிவரவில்லை என்று விளங்கிவிட்டது.

இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் என் வயது ஆணைக் கண்டால் முதல் சொல்லிலேயே அண்ணை என்பார்கள். கடைக்காரரையும் அப்படித்தான், பஸ் டிரைவரையும் அப்படித்தான். இவர் சொல்லவில்லை. 'நீங்கள்' என்று மட்டும் சொல்லிச் சுற்றிச் சுற்றிப் போனார். முறை வைத்துக் கதைக்காத ஆள் எதையோ ஒளிக்கிற ஆள்.

நான் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றின் படத்தைக் காட்டினேன். அவர் எழுந்து கடைக்குப் போய் மலாய் மொழியில் ஏதோ குசுகுசுத்துவிட்டு வந்தார்.

"அது வேண்டாம். நெத்தலி எடுத்துப்போட்டாலும் சம்பலுக்குள்ள கூனி இறால் அரைச்சிருக்கு. உங்களுக்கு இண்டைக்குச் சைவமெல்லே. காடோ காடோ சொல்லியிருக்கிறன். அவிச்ச மரக்கறிக்குக் கச்சான் கடலைக் குழம்பு ஊத்தினது. அதுக்கு இறால் போடாமல் புதுசா அரைச்சுத் தருவினம்."

என் வீட்டு வெள்ளிக்கிழமைச் சைவம் இந்த வேதக்காரிக்கு எப்படித் தெரியும்? மகள் எல்லாவற்றையும் ஒப்புவித்திருக்கிறாள். இந்தக் கரிசனையும் சந்தேகத்துக்குரியதே. டிக்கெட் இல்லாதவர்களில் இன்னொரு வகை, எனக்கு முதலில் குட் மோர்னிங் சொல்கிறவர்கள்.

சாப்பாடு வந்தது. மரியாதையாகப் பேசி மடக்குவது என் தொழில்.

"தங்கச்சி எவ்விடம்?" என்று தொடங்கினேன்.

அவர் கரண்டி பாதியில் நின்றது. கம்சிகா இருமினாள்.

"இளவாலை," என்றார்.

"லண்டனுக்கு எப்ப வந்தனியள், தங்கச்சி?"

"பதினொரு வருசம். அதுக்கு முதல் கோலாலம்பூரில ஆறு வருசம் இருந்தனாங்கள். அவர் அங்கதான் மோசம் போனவர்."

தகப்பன் இல்லாத பெடியன். தாயை விட்டுவிட்டு வர மாட்டான். என் பிள்ளை அங்கேதான் போய் இருக்க வேண்டி வரும்.

"சொந்த வீடோ, தங்கச்சி? எத்தினை அறை?"

"அப்பா," என்றாள் கம்சிகா பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஃபிளாட். ஒரு அறைதான்," என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொரு தங்கச்சிக்கும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிடிபடப்போகிறவர் முகம் அப்படித்தான் மங்கும் என்று நினைத்தேன்.

என் கண் முழுக்க அந்த நாலாவது கதிரையில். அதில் கம்சிகாவின் கோட் கிடந்தது. இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தவனா? லக்சா நூடுல்ஸைக் குனிந்து உறிஞ்சுகிறவனா? கடைசியில் தாடி வைத்த நெட்டைப் பெடியன் ஒருவன் நேராக எங்கள் மேசைக்கு வந்து அந்தக் கதிரையில் கை வைத்தான். கம்சிகா சிரித்துக்கொண்டே கோட்டை எடுத்தாள். இவன்தான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்து நின்றேன். அவன் தாங்ஸ் சொல்லிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

நின்றபடியே கேட்டேன். "தங்கச்சி, ஒளிச்சு விளையாட வேண்டாம். உங்கட மகன் எங்கை? இனி அவர் இருக்கிறதுக்குக் கதிரையும் இல்லை."

"எந்த மகன்? எனக்குப் பிள்ளையள் இல்லை."

கம்சிகா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே பேசினாள்.

"எனக்கு எடின்பரோவில வேலை கிடைச்சிருக்கு அப்பா. பெப்ரவரியில போகவேணும். உங்களைத் தனிய விட்டிட்டுப் போக ஏலாமல்தான்... அன்ரி உங்களைப் பார்க்க வந்தவா."

நீலச் சட்டை. காதுமுடி. பார்க்க வந்தது என்னை. அறுபத்திமூன்று வயதில் நான்தான் மாப்பிள்ளை. கட்டலாமா என்று பார்க்க வந்த ஆளை எந்தப் பெண் அண்ணை என்பாள்? அந்த ஒரு சொல்லை அவர் எவ்வளவு கவனமாக ஒதுக்கி வைத்திருந்தார். நான் மூச்சுக்கு மூச்சு தங்கச்சி என்றிருக்கிறேன். உட்கார்ந்துவிட்டேன்.

அஞ்சலீனா கோபப்படவில்லை. கையைத் துடைத்தார், கைப்பையை எடுத்தார், நான் தொடாமல் வைத்திருந்த தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆற முதல் சாப்பிடுங்கோ. இதில இறால் இல்லை. நான் ரெண்டு தரம் கேட்டனான்."

வாய்க்குள் வந்த தங்கச்சியை விழுங்கினேன்.

"இருங்கோ," என்றேன். முறை எதுவும் வைக்காமல், முதல் தடவையாக. "கொஞ்ச நேரம் இருங்கோ."

அவருக்கு விளங்கியது. அதே நல்ல சிரிப்பைச் சிரித்தார்.

"பஸ் வந்திடும்," என்றார். "போயிட்டு வாறன், அண்ணை."