வகுப்பறையைக் காலி செய்த வாதம்

மாரிவிக் டீச்சர் கொடியில் கிடந்த ஈரத் துணிகளைச் சரசரவென்று உருவிக்கொண்டிருந்தாள்.

"மேம்! அது இன்னும் காயவே இல்லை!" துணிக்குச் சொந்தக்காரி ஓடி வந்தாள்.

"மேயர் வண்டி கேட்டுக்கு வந்தாச்சு. போட்டி முடியற வரைக்கும் எல்லாரும் ரூமுக்குள்ள போயிடுங்க. சத்தமே வரக் கூடாது."

"நாங்க இங்க இல்லாத மாதிரி இருக்கணும்?"

"அதேதான்!"

எரிமலை புகையத் தொடங்கியதிலிருந்து அடிவாரத்துக் குடும்பங்கள் இந்தத் தொடக்கப் பள்ளியின் வகுப்பறைகளில்தான் குடியிருந்தன. இன்று அதே பள்ளியின் அரங்கில் விவாதப் போட்டி. தலைப்பு: 'பள்ளிகளை நிவாரண முகாம் ஆக்கக் கூடாது.'

உயர்நிலைப் பள்ளியிலிருந்து மாரிவிக் அழைத்து வந்தது இரண்டு பேரை. எட்டாம் வகுப்பு அனலின், அவள் ஜோடி டிண்டோ. மாதக் கணக்கில் அவர்கள் காதில் மாரிவிக் ஓதியது ஒன்றே ஒன்று: "ஆய்வு சொல்லுது, உலகம் சொல்லுதுன்னு அளக்காதே. யாருக்கு நடந்தது, எங்கே நடந்தது? அது இல்லாத வாதம் வெறும் காத்து."

நாணயம் சுண்டப்பட்டது. 'கூடாது' என்ற பக்கம் இவர்களுக்கு.

மேயர் மைக்கைப் பிடித்தார். "இந்தக் குடும்பங்களை இங்கேயே விடறதா, மைதானத்துல கூடாரம் போட்டு மாத்தறதான்னு எனக்கே குழப்பம். பிள்ளைங்க பேசட்டும். ஜெயிக்கிற பக்கம்தான் என் முடிவு!"

கைத்தட்டல். அனலின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேம், தோத்துட்டா திட்டுவீங்களா?"

"மூணு வருஷமா அந்த கான்வென்ட் பசங்ககிட்ட தோத்துட்டிருக்கோம். தோத்துட்டு வா, தெரியும் சேதி!"

அனலின் எழுந்தாள். "கல்வி முக்கியம். உலகம் முழுக்க அப்படித்தான் சொல்றாங்க" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

மாரிவிக் தலையில் கை வைத்துக்கொண்டாள். டிண்டோ கிசுகிசுத்தான். "என்னடி ஆச்சு உனக்கு? காத்துதான் வருது."

கான்வென்ட்டின் லெயாண்ட்ரோ எழுந்தான். தலைமுடியில் ஒரு இழை கூடக் கலையவில்லை. "முகாமில் பூரிங் அம்மாவைச் சந்தித்தேன். கண்ணீரோடு என் கையைப் பிடித்தார். 'தம்பி, இந்த வகுப்பறை எங்களுக்கு அரண்மனை. ராத்திரி பிள்ளைகள் விளக்கடியில் அமைதியாகப் படிக்கிறார்கள்' என்றார்."

நடுவர்கள் உருகிப்போய்க் குறித்துக்கொண்டார்கள்.

அனலின் கை விருட்டென்று உயர்ந்தது. "ஒரு கேள்வி. எந்த ரூம்?"

"அது... கடைசி ரூம்."

"கடைசி ரூம்ல அரிசி மூட்டைதான் இருக்கு. ஆளே இல்லை. எந்த விளக்கு? ராத்திரி பியூஸ் போனா காலையிலதான் வரும். அமைதியா? ஒருத்தர் இருமினா ரூமே முழிச்சுக்கும். டீச்சர் மேஜைக்கு அடியில கைக்குழந்தையைப் படுக்க வைக்கறாங்க, யாரும் மிதிச்சிடக் கூடாதுன்னு. கரும்பலகையில சாயக் கூடாது, சட்டையெல்லாம் சுண்ணாம்பு. விடிஞ்சா இந்த ஸ்கூல் பிள்ளைங்க மரத்தடியில உக்காந்து வாய்ப்பாடு சொல்லுது. மழை வந்தா நாலு கணக்கைக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிடறாங்க. அரண்மனையாம்! ஒரு ராத்திரி படுத்துப் பாரு!"

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. டிண்டோ விசிலே அடித்துவிட்டான். அதற்குப் பிறகு லெயாண்ட்ரோ பேசியது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

தீர்ப்பு ஒருமனதாக வந்தது. மேயர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "இந்தப் பொண்ணு என் கண்ணைத் திறந்துட்டா. திங்கட்கிழமை எல்லா வகுப்பறையும் காலி. குடும்பங்கள் கூடாரத்துக்கு!"

மாரிவிக் அனலினைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டாள். "எமகாதகிடி நீ! முதல்ல சொதப்பி அவனைப் பேச விட்டியே, என்ன தந்திரம்!"

"தந்திரம் இல்லை, மேம். தோக்கலாம்னுதான் நினைச்சேன். அவன் புளுகினது பொறுக்கலை."

"தோக்கவா? ஏன்டி?"

அனலின் பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.

"கூடாரத்துல அப்பாவுக்கு இருமல் தாங்காது, மேம். நாங்க நாலாம் வகுப்பு ரூம்லதான் இருக்கோம்."