முக்கால் மணி நேரத் தோடி

தோடி அப்போதுதான் மேலே ஏற ஆரம்பித்திருந்தது. கமலநாதனின் பிரேதத்தின் தலைமாட்டில் இருந்த ஸ்பீக்கர் திடீரென்று பாட்டை விட்டுவிட்டு, பொரித்த கோழிக்கு வார இறுதிச் சலுகை இருப்பதாக உற்சாகமாக அறிவித்தது.

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்.

“அத மொதல்ல அடைடா ரிஷி!” என்றாள் உஷாராணி.

“நான் என்னக்கா பண்றது? ஃப்ரீயா போட்டா விளம்பரம் வரும் லா. நீதானே ஏத்தி வச்ச?” என்றான் தம்பி.

அவள்தான். பிரிக்பீல்ட்ஸில் அப்பா கமலநாதன் நடத்திய கர்நாடக சங்கீதக் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாங்குமுன் கேட்டுப் பார்க்கலாம்; ஆனால் ராகம் ஆரம்பித்துவிட்டால் முடியும்வரை நாற்காலியை விட்டு எழக்கூடாது. பாதியில் எழுந்தவருக்கு விற்கமாட்டார். இந்த வியாபாரத் தந்திரத்தால் கடையில் வாடிக்கையாளர்களைவிட நாற்காலிகள் அதிகம். கிள்ளான் மண்டபம் ஒன்றில் உள்ளூர் வித்வான் பழனியப்பன் பாடிய தோடியை அப்பாவே பதிவு செய்து சிடி போட்டிருந்தார். அதை டவுன்லோடில் விற்கலாம் என்றவள் உஷாராணி. மார்க்கெட்டிங்தான் அவளுக்குத் தொழில். அப்பாவிடம் அவளால் விற்க முடிந்தது அந்த ஒரு யோசனையைத்தான்.

இணையதளத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே விலை. முக்கால் மணி நேரத் தோடிக்கும் அதுதான், மூன்று நிமிஷத் துக்கடாவுக்கும் அதுதான்.

“யானைக்கும் கொசுவுக்கும் ஒரே டிக்கெட்டா?” என்று கேட்டார் அப்பா. “முப்பது செகண்ட் கேட்டுப் பாத்து வாங்கலாமாம். முப்பது செகண்ட்ல அந்த மனுசன் தொண்டையக்கூடச் செருமி முடிக்கலயேம்மா!”

துக்கடாவை நாலைந்து பேர் வாங்கினார்கள். தோடியை யாரும் சீண்டவில்லை. கடைசியில் அவள் அதை இலவசமாகப் போட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா சொன்னார்: “நான் போறப்ப அந்தத் தோடியப் போடும்மா. முழுசா.”

இப்போது கோழி வந்துவிட்டது.

வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே சிடி ப்ளேயர் அவருடைய பழைய கான்சில் காரில் இருந்தது. உஷாராணி காரை வாசலை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, கதவுகளை எல்லாம் திறந்துவிட்டாள். விலைச் சீட்டு உரிக்காத தோடி சிடி டேஷ்போர்டிலேயே கிடந்தது.

“விட்ட எடத்துலேருந்து போடுக்கா.”

“மொதல்லேருந்துதான்.”

ஆலாபனை நடு வழியில் இருக்கும்போது கார்த்திகேசு மாமா வந்து குனிந்தார். “உஷா, மின்சுடலையில நம்ம டைம் போயிடும்மா. அடுத்த ஆளு வெயிட் பண்றாரு.”

“அந்த ஆளுக்கு மட்டும் என்ன மாமா அவசரம்?”

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கேக்கணும்னு எனக்கும் ஆசதான். வேன்காரன் மூணாவது தடவையா கேட்டுட்டான்.”

அவள் தலையை மட்டும் அசைத்தாள். பாட்டை நிறுத்தவில்லை.

பல்லவி தொடங்கும்போது தூக்கினார்கள். அழுகையில் கொஞ்ச நேரம் பாட்டு கேட்கவில்லை. பிரேத வேன் முனையில் திரும்பியது. ராகம் நடக்கையில் எழுந்து போகாத ஒரே மனிதர், அன்றைக்குத் தன் சட்டத்தைத் தானே மீறினார்.

பக்கத்து வீட்டு இராஜம்மா ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். பிணத்தை எடுத்த கையோடு வீட்டைக் கழுவியாக வேண்டும். பெண்கள் வாளியும் துடைப்பமுமாகத் தயாராக நின்றார்கள்.

“காரத் தள்ளி நிறுத்தும்மா. அதான் அவரு போயிட்டாரே, பாட்ட அடைச்சிடு.”

உஷாராணியின் விரல் பட்டன்வரை போனது.

அம்மா புஷ்பவல்லி உள்ளேயிருந்து வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எந்த ராகத்தையும் முடியும்வரை கேட்டதில்லை; அடுப்பில் எப்போதும் ஏதாவது இருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் காருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, புடவைத் தலைப்பை மடியில் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

உஷாராணி விரலை எடுத்துக்கொண்டாள்.

இராஜம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு போய்க் குழாயைத் திருகி மூடினார். ரப்பர் குழாயின் முனை இரண்டு மூன்று முறை சொட்டிவிட்டு நின்றது.